19,800 ரூபாய் போச்சு: கம்ப்யூட்டரில் புராசசர் மாற்றக் கொடுக்கிறவர்கள் ஒரு நிமிடம் படியுங்கள்

நேற்று சாயங்காலம்தான் கடைக்காரர்கள் கடைசியாகக் கையை விரித்தார்கள். ஆத்திரம் அடங்கவில்லை, கோர்வையாக வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

காரைக்குடியில் கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைக்கிறேன். பி450 மதர்போர்டில் ரைசன் 5 2600 புராசசர் ஓடிக்கொண்டிருந்தது. போர்டிலேயே இருக்கும் பயாஸ் மென்பொருளை அப்டேட் செய்தால் அதே போர்டில் ரைசன் 7 5800எக்ஸ் போடலாம் என்பதால் ஊருக்குள்ளேயே ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் கொடுத்தேன். புராசசர் 16,500, அதன் சூட்டைத் தணிக்கும் கூலர் 2,600, கூலி 700. மொத்தம் 19,800 ரூபாய்.

5800எக்ஸ் 105 வாட் சிப். பெட்டியோடு கூலர் வராது, என்னிடம் இருந்த பழைய கூலரோ 65 வாட் சிப்போடு வந்தது. இதை நான் கேட்காமலே கடைக்காரரே எடுத்துச் சொன்னார். "பழசையே மாட்டி அனுப்பிடலாம்ணே, ஆனா நாளைக்கு நீங்கல்ல கஷ்டப்படணும்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் விழுந்தேன். புராசசர் பெட்டியைக் காட்டச் சொல்லக்கூடத் தோன்றவில்லை, பணத்தை அனுப்பிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் போட்டால் சும்மா இருக்கும்போதே 75 டிகிரி. ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக்கும் வேலை) கொடுத்ததும் 90. அந்தச் சிப்புக்கு 90தான் எல்லை, தொட்டதும் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பள்ளத்தூர் கல்யாணத்தில் வளவில் (வீட்டு முற்றத்தில்) எடுத்த திருப்பூட்டு (தாலி கட்டு) வீடியோ, பழைய புராசசரில் ஓடிய வேகம்கூட இல்லாமல் ஊர்ந்து, பாதியில் சிஸ்டமே அணைந்துவிட்டது.

போன் செய்தால் "நம்ம ஊர் வெயிலுக்கு அப்படித்தான்ணே, ஏசி போட்டுப் பாருங்க." மறுநாள், புராசசருக்கும் கூலருக்கும் நடுவே தடவும் பசையைச் சொல்லி, "பேஸ்ட் செட்டாக நாலு நாள் ஆகும்." அப்புறம் "ஓனர் மதுரை போயிருக்கார்." மூன்றாவது வாரம் நானே தூக்கிக்கொண்டு போனேன். உள்ளறைக்கு எடுத்துப் போனார்கள், ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் "புராசசர்ல பின் உடைஞ்சிருக்குண்ணே, நீங்க ஏதும் கழட்டினீங்களா?" என்கிறார்கள். நான் ஸ்க்ரூடிரைவரையே தொடவில்லை! கூலரைச் செங்குத்தாகப் பிடுங்கியதில் சாக்கெட்டிலிருந்து புராசசரும் சேர்ந்து வந்திருக்கிறது. வாரண்டி கேட்டால், அது பெட்டி இல்லாமல் வந்த ட்ரே சரக்காம், பில்லில் சீரியல் எண்ணும் இல்லை.

கழற்றிய கூலரை ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டில் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் ஒட்டி வரும் பிளாஸ்டிக் தாள் உரிக்கப்படவே இல்லை, சூடு கூலருக்குப் போகாமல் அதுதான் தடுத்திருக்கிறது. மாட்டும் முன் அகற்றவும் என்று ஆங்கிலத்தில் இருக்கும் சிவப்பு எழுத்து, காய்ந்த பேஸ்ட்டுக்கு அடியில் பாதி தெரிகிறது. இதற்கா 19,800 ரூபாய்? வெயிலாம், ஏசியாம்!

படம் எடுத்து அனுப்பினேன். பார்த்துவிட்டார்கள், பதில் இல்லை. நேற்று நேரில் போனதற்கு "கேஸ் போட்டுக்கங்கண்ணே" என்றார்கள்.

விவரமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், முடியவில்லை. சீல் உடைக்காத பெட்டியைக் கண்ணால் பாருங்கள், சீரியல் எண்ணைப் பில்லில் எழுத வையுங்கள். உங்கள் கண் முன்னால் மாட்டச் சொல்லுங்கள், தாளை உரிக்கிறார்களா என்று பாருங்கள். அரை மணி நேரம் ஒரு ரெண்டர் ஓட்டி டிகிரி பார்க்காமல் கடையை விட்டு இறங்காதீர்கள். கூலரைக் கழற்றுவதாக இருந்தால் சிஸ்டத்தைக் கொஞ்சம் ஓடவிட்டு, பேஸ்ட் இளகியதும் அணைத்துவிட்டு, லேசாகத் திருகித்தான் எடுக்க வேண்டும்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்கு இன்று கூப்பிடப் போகிறேன். பெண் வீட்டு ஆச்சி காலையிலிருந்து இரண்டு தடவை கேட்டுவிட்டார், "வீடியோ எப்பப்பா வரும்?" என்று. தேவகோட்டையில் நண்பர் சிஸ்டம் ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் காலியாகும்.