இன்பாக்ஸை இலவசமாகச் சுத்தம் செய்து தரும் சேவைகள்: உங்கள் ஃபில்டர்களை உடனே பாருங்கள்

மெயில் பெட்டியை இலவசமாகச் சுத்தம் செய்து தருகிறோம் என்று சொல்லும் சேவை எதையாவது உங்கள் ஜிமெயிலோடு இணைத்திருக்கிறீர்களா? அப்படியென்றால் இதைப் பொறுமையாகப் படியுங்கள். எனக்குப் பணமும் போனது, இனி கிடைக்காத ரசீதுகளும் போயின.

15 ஜிபி இடமும் தீர்ந்து, புது மெயில் வருவதே நின்றுபோன நேரம் அது. தேடியதும் முதலில் வந்தது இந்தச் சேவை. பெயர் சொல்லப்போவதில்லை, இதே மாதிரி ஏராளமாக இருக்கின்றன. முகப்பில் பெரிய எழுத்தில் 'முற்றிலும் இலவசம்'. கூகுள் கணக்கைக் கொடுத்ததும் ஓர் அனுமதிப் பக்கம் வந்தது: உங்கள் மெயில்கள் எல்லாவற்றையும் படிக்க, எழுத, அனுப்ப, நிரந்தரமாக அழிக்க அனுமதி வேண்டும் என்று. அனுமதித்த பிறகுதான் தெரிந்தது, முதல் நூறு மெயிலை அழிப்பதுதான் இலவசம். மீதிக்கு 7 நாள் சோதனைக் காலம், அதற்குக் கார்டு எண். எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம் என்று கீழே ஒரு வரி.

ரத்து செய்யும் பட்டனைத் தேடிப் பார்த்துக் கிடைக்காமல், அந்தத் தளத்தில் என் கணக்கையே நீக்கினேன். நீக்கப்பட்டது என்று செய்தியும் வந்தது. ஆனால் கட்டணத் திட்டம் அதிலிருந்து தனியாம். சோதனைக் காலம் முடிந்ததும் 1,499 ரூபாயை எடுத்துக்கொண்டார்கள்.

இப்படித் தானாகப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே வாடிக்கையாளருக்குத் தகவல் போக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. 15,000 ரூபாய் வரை ஓடிபி கேட்காமலே எடுக்கலாம் என்பதால், அந்த முன்தகவல்தான் நமக்கிருக்கும் தடுப்பு. வங்கி அதை மெயிலில் ஒழுங்காக அனுப்பியிருக்கிறது. என் கண்ணில்தான் படவில்லை. ஏனென்றால் அந்தச் சேவை என் ஜிமெயிலுக்குள் தானாகவே ஃபில்டர்களை உருவாக்கி வைத்திருந்தது. வங்கி முகவரியிலிருந்து எது வந்தாலும் இன்பாக்ஸுக்கு வராது, படித்ததாகக் குறிக்கப்பட்டு, அவர்கள் பெயரிலேயே இருந்த ஒரு லேபிளுக்குள் போய்விடும். தன் கட்டணத்தைப் பற்றிய எச்சரிக்கையைத் தானே மறைத்து வைத்த சேவைக்கு இலவசம் என்று பெயர்! இன்னும் ஆறவில்லை எனக்கு.

ரசீதுகளின் கதை இதைவிட மோசம். 'அன்சப்ஸ்கிரைப்' இணைப்பு இருக்கும் மெயிலையெல்லாம் விளம்பரம் என்று எடுத்துக்கொண்டு குப்பைக்கு அனுப்பியிருக்கிறது. இன்சூரன்ஸ் பிரீமியம், மியூச்சுவல் ஃபண்ட் அறிக்கை, பள்ளிக் கட்டண ரசீது எல்லாவற்றின் அடியிலும் அந்த இணைப்பு இருக்கும். ஜிமெயில் குப்பையில் 30 நாள்தான் இருக்கும், அப்புறம் போயே போய்விடும். அலுவலகத்தில் வரிக் கழிவுக்கு ஆதாரம் கேட்ட பிறகு, ஒவ்வோர் இடமாக நகல் கேட்டு அலைந்தேன்.

நீங்களும் மாட்டியிருந்தால், அந்தத் தளத்தில் கணக்கை நீக்குவதோடு விட்டுவிடாதீர்கள். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில், இணைக்கப்பட்ட மூன்றாம் தரப்புச் செயலிகளின் பட்டியல் இருக்கும். அங்கே போய் அனுமதியைத் துண்டியுங்கள். அனுமதியைத் துண்டித்தாலும் ஃபில்டர்கள் அப்படியேதான் இருக்கும், அவற்றைத் தனியாக அழிக்க வேண்டும். மொபைல் செயலியில் அவை தெரியாது. கணினியில் ஜிமெயிலைத் திறந்து, செட்டிங்ஸில் 'ஃபில்டர்ஸ் அண்ட் பிளாக்டு அட்ரஸஸ்' பக்கத்தைப் பாருங்கள். பக்கத்திலேயே ஃபார்வர்டிங் பகுதியும் இருக்கிறது. தெரியாத முகவரிக்கு உங்கள் மெயில் போகிறதா என்று அதையும் பார்த்துவிடுங்கள். கார்டுக்கு, வங்கித் தளத்தில் இ-மேண்டேட் (தானாகப் பணம் எடுக்க நாம் கொடுத்த அனுமதி) பட்டியலில் அந்த நிறுவனத்தை ரத்து செய்யுங்கள்.

பணமே கேட்காத சேவைகளும் நம்மிடமிருந்து எதையோ எடுத்துக்கொள்ளத்தான் செய்கின்றன. அன்ரோல்.மீ என்ற சேவை பயனர்களின் இன்பாக்ஸிலிருந்த லிஃப்ட் (Lyft) என்ற அமெரிக்க வாடகைக் கார் நிறுவனத்தின் ரசீது விவரங்களைத் தொகுத்து, பெயர் நீக்கி, போட்டி நிறுவனமான ஊபருக்கு விற்றது 2017இல் வெளியே வந்தது. பயனர்களின் மெயிலை எந்த அளவுக்குப் பார்க்கிறோம் என்பதில் அவர்களை ஏமாற்றியதாக அமெரிக்க வர்த்தக ஆணையம் 2019இல் அந்த நிறுவனத்தின் மீது நடவடிக்கையும் எடுத்தது.

இத்தனைக்கும் இடப் பிரச்சினைக்கு இந்தச் சேவைகளால் பெரிய பயனும் இல்லை. விளம்பர மெயில் ஒன்று பெரும்பாலும் நூறு கேபிக்குள் இருக்கும். பத்தாயிரத்தை அழித்தாலும் ஒரு ஜிபி தேறுவது கஷ்டம். 15 ஜிபியை விழுங்குவது மெயிலோடு வரும் பெரிய கோப்புகளும், கூகுள் போட்டோஸும், ஆண்ட்ராய்டு என்றால் வாட்ஸ்அப் பேக்கப்பும்தான். ஜிமெயில் தேடல் பெட்டியின் வலது ஓரத்தில் இருக்கும் குறியை அழுத்தினால் ஒரு படிவம் திறக்கும். அளவு 10 எம்பிக்கு மேல் என்று கொடுத்துத் தேடுங்கள். எனக்கு வந்தவற்றில் பழைய கல்யாண வீடியோக்களும் ஸ்கேன் செய்த பத்திர நகல்களும்தான் அதிகம். தேவையானதைப் பென்டிரைவில் ஏற்றிவிட்டு மற்றதை அழித்ததில் மெயில் மறுபடி வரத் தொடங்கிவிட்டது. குப்பையையும் கையோடு காலி செய்யுங்கள், இல்லாவிட்டால் இடம் உடனே திரும்பக் கிடைக்காது.

பணத்தைக் கேட்டு அந்தச் சேவைக்கு எழுதினால், 'விதிமுறைகளை ஏற்றுக்கொண்டீர்கள்' என்ற ஒரே பதில்தான் வருகிறது. கணக்கு நீக்கப்பட்டதாக வந்த செய்தியின் ஸ்கிரீன்ஷாட்டோடு வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன்.