முதல் வெளிநாட்டு ஆசிரியர் வேலை: அரசுத் திட்டமா, சர்வதேசப் பள்ளியா?

வெளிநாட்டில் முதன்முறையாகக் கற்பிக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் சம்பளத்தை வைத்துத்தான் வாய்ப்புகளை எடைபோடுகிறார்கள். முதல் ஆண்டுக்கு அது போதவே போதாது. விமானத்திலிருந்து இறங்கிய நாள் முதல் முதல் சம்பளம் கைக்கு வரும்வரை யார் துணை நிற்பார்கள், வகுப்பறையின் முழுப் பொறுப்பு யார் தலையில் விழும் என்ற இரண்டு கேள்விகளை முதலில் கேட்க வேண்டும்.

அரசுத் திட்டங்களில் பெயர்பெற்றது, வெளிநாட்டவரைப் பள்ளிகளுக்கு அழைத்துக்கொள்ள 1987இல் ஜப்பான் தொடங்கிய ஜெட். அதில் பெரும்பாலோர் உதவி மொழி ஆசிரியர்களாகப் போகிறார்கள். ஏதேனும் ஒரு பாடத்தில் பட்டம் இருந்தால் போதும், ஆசிரியர் பயிற்சி கட்டாயமில்லை. பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்க ஆளெடுக்கும் தென்கொரியாவின் எபிக் திட்டமும் ஏறக்குறைய இந்த வகைதான், ஆனால் அங்கே ஆசிரியர் பயிற்சிச் சான்று பொதுவாகத் தேவை. இரண்டிலும் குடியுரிமை நிபந்தனை உண்டு. அதனால் மற்ற எதையும் படிப்பதற்கு முன் உங்கள் நாடு பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சர்வதேசப் பள்ளிகளோ ஐபி (இன்டர்நேஷனல் பேக்கலோரியட்), கேம்பிரிட்ஜ் போன்ற பன்னாட்டுப் பாடத்திட்டங்களில் இயங்குபவை. நல்ல பள்ளிகள் ஆசிரியர் உரிமத்தையும் வழக்கமாக இரண்டாண்டு அனுபவத்தையும் எதிர்பார்க்கின்றன.

வகுப்பறைக்குள் நுழைந்ததும் இரண்டுக்கும் உள்ள தூரம் தெரிந்துவிடும். ஜெட் ஆசிரியரின் பக்கத்தில் ஜப்பானிய ஆசிரியர் ஒருவர் நிற்பார். மதிப்பெண்ணும் பாடத்திட்டமும் அவர் பொறுப்பு. முதல் சில வாரங்கள் சுயஅறிமுகப் பாடத்திலேயே கழியும். குடும்பப் படங்கள், சொந்த நாட்டின் வரைபடம், ஒரு சிறு விளையாட்டு என்று அதே பாடத்தை ஒவ்வொரு வகுப்பிலும் மீண்டும் மீண்டும் நடத்த வேண்டியிருக்கும். சலிப்பாகத் தோன்றலாம். ஆனால் புதிய ஊரில் வாடகை, வங்கி, குப்பை பிரிக்கும் விதி எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் கற்றுக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அந்த எளிமை பெரிய ஆறுதல். சர்வதேசப் பள்ளியில் அப்படி மூச்சுவிட நேரம் கிடைப்பதில்லை. முதல் வாரத்திலேயே பாடத்திட்ட ஆவணம் தயாராக வேண்டும். பெற்றோர் சந்திப்பு, மதிப்பீடு, வகுப்பு ஒழுங்கு எல்லாம் உங்களுடையவை. சொந்த ஊரில் தனியாக ஒரு வகுப்பை ஆண்டு முழுக்க நடத்திப் பழகாதவரை நேரே இங்கே அனுப்புவது அவருக்கும் மாணவர்களுக்கும் செய்யும் அநியாயம்.

ஆனால் ஒரு விஷயத்தில் சர்வதேசப் பள்ளியின் கைதான் ஓங்கி நிற்கிறது. எந்த ஊர், எந்தப் பள்ளி, எந்த வகுப்பு என்பது கையெழுத்திடும் முன்பே தெரியும். ஜெட்டில் விருப்பத்தைச் சொல்லலாம், முடிவு அவர்களுடையது. பெருநகரம் கேட்டவர் மலையோரக் கிராமத்துக்குப் போவது அங்கே சாதாரணம். துணையோ குழந்தையோ உடன் வருவதாக இருந்தால் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

வீட்டு விஷயத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பள்ளியே வீடு கொடுப்பது ஒரு முறை, வீட்டு வாடகைப்படியைப் பணமாகத் தருவது இன்னொன்று. தொகை பெரிதாகத் தெரிவதால் இரண்டாவதை விரும்புகிறவர்கள் அதிகம். ஆனால் துபாய் போன்ற நகரங்களில் வாடகையைப் பல மாதங்களுக்குச் சேர்த்து பின்தேதியிட்ட காசோலைகளாகக் கொடுப்பது வழக்கம். அதற்கு மேல் முன்பணம், தரகர் கட்டணம். படியோ மாதாமாதம் சம்பளத்தோடு வரும். வங்கிக் கணக்கே திறக்காத புதியவர் காசோலைக்கு எங்கே போவார்? முதல் ஆண்டில், சிறியதாக இருந்தாலும் பள்ளி தரும் வீட்டையே நான் தேர்ந்தெடுப்பேன். ஜப்பானில் பல இடங்களில் முந்தைய ஆசிரியர் காலிசெய்யும் வீடே புதியவருக்கு வருகிறது. சட்டிபானை முதல் மிதிவண்டி வரை சில சமயம் விலைபேசி வாங்கிக்கொள்ளலாம்.

ஆயத்த வேலையில் இரண்டு பாதைக்கும் பொதுவானது ஆவணங்கள். 1961ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளுக்கு இடையே, ஆவணத்தின் கையொப்பமும் முத்திரையும் உண்மை என்று அதை வழங்கிய நாடு சான்றளிக்கும் அப்போஸ்டில் முத்திரை ஒன்றே போதும். சீனாவில் அது 2023 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்தில் சேராத நாட்டுக்கு என்றால் தூதரகச் சான்றொப்பம் வரை அலைய வேண்டும், வாரக்கணக்கில் ஆகும். காவல்துறை நன்னடத்தைச் சான்றிதழை மட்டும் முந்திக்கொண்டு வாங்காதீர்கள். சில மாதங்களுக்குள் பெற்றதைத்தான் பல நாடுகள் ஏற்கும்.

மருந்துகளையும் மறந்துவிட வேண்டாம். பிற நாடுகளில் கவனக்குறைபாட்டுக்குக் கொடுக்கப்படும் ஆம்ஃபெடமின் அடங்கிய மாத்திரைகளை ஜப்பானுக்குள் கொண்டுபோகவே முடியாது, மருத்துவர் சீட்டு இருந்தாலும். தினசரி மருந்து எடுப்பவர் விண்ணப்பிக்கும் கட்டத்திலேயே இதை விசாரித்துவிட வேண்டும்.

தனியார் மொழி மையங்கள் மூன்றாவது வழி. ஆண்டின் எந்த மாதத்திலும் வேலை கிடைக்கும் என்பது அவற்றின் பலம். தரம் மையத்துக்கு மையம் மாறும். தற்போது அங்கே வேலைசெய்யும் ஆசிரியர் ஒருவருடன் பேச வைக்க மறுக்கும் மையத்தை அப்போதே விட்டுவிடலாம்.

அனுபவமில்லாத புதிய பட்டதாரி, தனியாகப் போகிறவர் என்றால் அரசுத் திட்டம்தான் என் தேர்வு. ஜெட் ஒப்பந்தம் ஓராண்டுக்குத்தான், பிடித்திருந்தால் புதுப்பித்து ஐந்தாண்டு வரை இருக்கலாம். உரிமமும் அனுபவமும் உள்ளவர், குடும்பத்தோடு போகிறவர் சர்வதேசப் பள்ளியைப் பார்க்கட்டும். அங்கே முதல் ஒப்பந்தம் பெரும்பாலும் இரண்டாண்டு. நடுவில் விலகினால் விமானக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டுமா, ஊர் திரும்பும் டிக்கெட் யார் செலவு என்பவற்றை எழுத்தில் வாங்கிய பிறகே கையெழுத்திடட்டும்.