வியன்னா பழைய நகரம்: எங்கே உட்காரலாம், எங்கே நின்றபடி சாப்பிடலாம்?

வியன்னாவின் முதல் மாவட்டத்தை ரிங்ஷ்ட்ராஸ என்ற அகலமான வளையச்சாலை பெரும்பாலும் வளைத்து நிற்கிறது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அரை மணி நேரத்தில் நடந்துவிடலாம். 2001-இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் ஏறிய பகுதி இது. இந்தச் சின்ன வட்டத்துக்குள் அரண்மனைத் தூண்களோடு காபிக் கூடம் இருக்கிறது, தரைக்கு அடியில் படி இறங்கிப் போகும் ஒயின் நிலவறை இருக்கிறது, தெருவோரத்தில் நின்றபடி சாப்பிடும் பெட்டிக்கடையும் இருக்கிறது. எது உசத்தி என்று கேட்டால் ஊர்க்காரர்களிடமே ஒரே பதில் வராது. என் கட்சி இதுதான்: இங்கே ருசியைவிட நாற்காலிக்குத்தான் அதிகம் காசு கொடுக்கிறோம். அதனால் கையில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள், கடையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

காபி: சென்ட்ரலா, ஹாவெல்காவா, பிரூக்கெலா?

சுற்றுலாக்காரர்கள் முதலில் போய் நிற்பது ஹெரன்காஸ தெருவிலுள்ள கஃபே சென்ட்ரலில். 1876-இல் தொடங்கியது. ரஷ்யப் புரட்சியாளர் ட்ராட்ஸ்கி சதுரங்கம் ஆடிய இடம், எழுத்தாளர் பீட்டர் ஆல்டன்பெர்க் வீட்டைவிட அதிகம் குடியிருந்த இடம். வாசலருகே அவருடைய உருவச்சிலையே உட்கார்ந்திருக்கிறது. வளைவுக் கூரையும் தூண்களும் பார்க்க அழகுதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு கடை மூடிக் கிடந்து, 1975-இல் மறுபடி திறந்தபோது அதே மாளிகையின் வேறொரு பகுதிக்கு வந்துவிட்டது. நீங்கள் படமெடுக்கும் கூடம் ட்ராட்ஸ்கி உட்கார்ந்த கூடம் இல்லை. இதற்காகத் தெருவில் வரிசையில் நிற்க வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். வெளியே ஆட்கள் காத்திருப்பது கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்போது, ஒரே கோப்பையோடு இரண்டு மணி நேரம் உட்கார மனசும் வராது. வியன்னா காபிக்கடையின் முழு சுகமே அப்படி உட்காருவதில்தானே இருக்கிறது?

டோரோதேயர்காஸவில் இருக்கும் ஹாவெல்கா இதற்கு நேர் எதிர். லியோபோல்ட் ஹாவெல்காவும் மனைவி ஜோசஃபினும் 1939-இல் தொடங்கினார்கள். போருக்குப் பிறகு ஓவியர்களும் எழுத்தாளர்களும் மொய்த்த இடம். உள்ளே வெளிச்சம் குறைவு, சுவரெல்லாம் பழைய சுவரொட்டி, இருக்கைத் துணி தேய்ந்திருக்கும். 2011-இல் நூறு வயதில் லியோபோல்ட் இறந்த பிறகும் குடும்பம் கடையை மாற்றியமைக்கவில்லை. இங்கே இரவு எட்டு மணிக்கு மேல் போங்கள். அப்போதுதான் பிளம் ஜாம் அடைத்த புஃக்டெல்ன் என்ற இனிப்பு பன் அடுப்பிலிருந்து சூடாக வரும். பகலில் போனால் பாதி ஹாவெல்காதான் கிடைக்கும்.

நான் பரிந்துரைப்பது இரண்டையும் விட்டு, வளையச்சாலையின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் பிரூக்கெல். பயன்பாட்டுக் கலை அருங்காட்சியகத்துக்கு எதிரில் இருக்கிறது. உள்ளமைப்பு 1950-களில் கட்டடக் கலைஞர் ஓஸ்வால்ட் ஹெர்ட்ல் செய்தது. பெரிய ஜன்னல், நல்ல வெளிச்சம், மேசைகளுக்கு நடுவே தாராளமான இடம். அரண்மனைத் தோரணை எதுவும் கிடையாது. அதனாலேயே உள்ளூர்க்காரர்கள் செய்தித்தாளும் கையுமாக உட்கார்ந்திருப்பதை இங்கே பார்க்கலாம்.

மூன்று கடைக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. காபி ஒரு சின்ன உலோகத் தட்டில், ஒரு கிளாஸ் தண்ணீரோடு வரும். அந்தத் தண்ணீர் சாதாரணமானது இல்லை. ஆல்ப்ஸ் மலை ஊற்றிலிருந்து 1873-இல் போட்ட குழாய் வழியே ஊருக்கு வருகிறது, 1910-இல் இரண்டாவது குழாயும் வந்தது. பரிசாரகர் நீங்கள் கேட்காமல் ரசீதைக் கொண்டுவந்து வைக்க மாட்டார். அது அலட்சியம் இல்லை, உங்களை எழுப்பக்கூடாது என்ற மரியாதை. கறுப்பு கோட் போட்ட அந்த மனிதர் சிரிக்காமல் வந்து நிற்பதும் ஊர் வழக்கம்தான், மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

என்ன கேட்பது? எல்லோரும் சொல்வது மெலாஞ்ச், நுரைத்த பாலோடு மிதமாக இருக்கும். டிகாக்‌ஷன் கெட்டியாக இருக்க வேண்டும் என்கிறவர்கள் க்ரோசர் பிரவுனர் கேளுங்கள். இரட்டை எஸ்பிரெசோ, பாலைத் தனியாகச் சின்னக் குடுவையில் தருவார்கள், எவ்வளவு ஊற்றுவது என்பது உங்கள் கையில்.

கேக் சண்டை

ஸாஹர் ஹோட்டலும் கோல்மார்க்ட் தெருவிலுள்ள டெமெல் கடையும் ஒரு சாக்லேட் கேக்குக்காக வருஷக்கணக்கில் வழக்காடின. 1832-இல் ஆஸ்திரிய அரசியல்வாதி மெட்டர்னிஹ் வீட்டுச் சமையலறையில் ஃபிரான்ஸ் ஸாஹர் என்ற பதினாறு வயதுப் பையன் செய்ததாகச் சொல்லப்படும் கேக் அது. அவருடைய மகன் எடுவார்ட் டெமெலில் தொழில் கற்றவர், பிறகு ஹோட்டலைத் தொடங்கியவர். அதனால் இருவருக்குமே உரிமை கொண்டாட ஏதோ ஒரு காரணம் இருந்தது. 1963-இல் சமரசம் ஆனது: ‘அசல்’ என்ற சொல் ஸாஹருக்கு. அங்கே ஆப்ரிகாட் பழ ஜாம் கேக்கின் நடுவிலும் மேல்பூச்சுக்கு அடியிலும் என்று இரண்டு இடத்தில் இருக்கும். டெமெலில் மேல்பூச்சுக்கு அடியில் மட்டும்.

இரண்டுமே கொஞ்சம் வறண்ட கேக்தான். பக்கத்தில் வைக்கும் சர்க்கரையில்லாத கிரீம் அலங்காரம் இல்லை, தொட்டுத்தான் சாப்பிட வேண்டும். கேக்கை மட்டும் பார்த்தால் நடுவிலும் ஜாம் இருக்கிற ஸாஹருக்கே என் ஓட்டு. ஆனால் ஒரு மணி நேரம் செலவழிக்க டெமெல்தான் சுவாரசியம். 1786-இல் தொடங்கிய அரண்மனை இனிப்புக்கடை, கண்ணாடிக்குப் பின்னால் கேக் செய்பவர்கள் வேலை செய்வதைப் பார்க்கலாம், எலிசபெத் பேரரசிக்குப் பிடித்த சர்க்கரை தோய்த்த வயலட் பூவும் கிடைக்கும். இரண்டிலும் கூட்டம் உண்டு, இரண்டிலும் விலை அதிகம். ஒரே நாளில் இரண்டுக்கும் போவது வீண்.

மதியச் சாப்பாடு

ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த இறைச்சித் துண்டான ஷ்னிட்ஸலைச் சாப்பிடாமல் ஊருக்குத் திரும்பினால் நண்பர்கள் கேட்பார்கள். அதற்காகப் பலரும் போவது வொல்ஸைல தெருவருகே 1905-இலிருந்து நடக்கும் ஃபிக்ல்மூல்லர். தட்டுக்கு வெளியே தொங்கும் அளவுக்குப் பெரிய, மெலிதாகத் தட்டிய ஷ்னிட்ஸல். அங்கே பேர்பெற்றது பன்றி இறைச்சியில் செய்வது. ஆஸ்திரிய உணவு விதிப்படி வெறுமனே ‘வீனர் ஷ்னிட்ஸல்’ என்று எழுதியிருந்தால் அது கன்றிறைச்சி. பன்றி என்றால் அதைப் பெயரிலேயே காட்ட வேண்டும். மாட்டிறைச்சியோ பன்றி இறைச்சியோ தவிர்ப்பவர்கள் இந்த வித்தியாசத்தைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். பல கடைகளில் கோழியிலும் செய்து தருவார்கள். பொரிப்பது எண்ணெயிலா, பன்றிக்கொழுப்பிலா என்பதையும் கேட்டுவிடுங்கள், பழைய முறையில் கொழுப்பிலும் பொரிப்பது உண்டு.

முன்பதிவு இல்லாமல் ஃபிக்ல்மூல்லரில் இடம் கிடைப்பது கஷ்டம். அதற்குப் பதில் பைஸல் என்று சொல்லும் சின்ன உணவகங்களைத் தேடுங்கள். ஆபரா என்ற இசைநாடக அரங்கின் பக்கம் க்ளுக்காஸ தெருவில் இருக்கும் ராய்ன்டாலர் மாதிரியான இடங்கள். மரப்பலகை அடித்த சுவர், நாலைந்து வகை உணவு, அலுவலக ஆட்கள். வார நாட்களில் மதியத்துக்கு மட்டும் ஒரு சூப், ஒரு முக்கிய உணவு என்று குறைந்த விலையில் தருகிற வழக்கம் இந்த வகைக் கடைகளில் உண்டு. கரும்பலகையில் எழுதியிருப்பதை அப்படியே கேட்டு வாங்குவதுதான் புத்திசாலித்தனம். ஷ்னிட்ஸல் ஃபிக்ல்மூல்லர் அளவுக்குப் பெரிதாக இருக்காது. அவ்வளவு பெரிது யாருக்கு வேண்டும்?

மாட்டிறைச்சி சாப்பிடுபவர்களுக்கு வொல்ஸைல தெருவிலேயே ப்ளாஹுட்டா இருக்கிறது. பேரரசர் ஃபிரான்ஸ் யோசப்புக்குப் பிடித்த டாஃபெல்ஷ்பிட்ஸ், அதாவது வேகவைத்த மாட்டிறைச்சி, செப்புப் பாத்திரத்தோடு மேசைக்கு வரும். முதலில் குழம்புச்சாறு, பிறகு எலும்பு மஜ்ஜையை ரொட்டியில் தடவி, கடைசியில் இறைச்சியை ஆப்பிளும் காரக்கிழங்கும் சேர்த்து அரைத்த துவையலோடு. மெதுவாகச் சாப்பிட வேண்டிய உணவு, கனமான விலை.

நேரமே இல்லையென்றால் டோரோதேயர்காஸவில் த்ஷெஸ்னியெவ்ஸ்கி. போலந்துக்காரர் ஒருவர் 1902-இல் தொடங்கியது. கறுப்பு ரொட்டித் துண்டின் மேல் முட்டை, மீன், காய் என்று ஏதாவது ஒரு விழுது தடவி வைத்திருப்பார்கள். கண்ணாடிக்குள் இருப்பதை விரலால் காட்டினால் போதும், பாஷை தெரிய வேண்டாம். கூடவே எட்டில் ஒரு லிட்டர் பீர், குழந்தைக்கு வாங்கியது மாதிரி சின்னக் கிளாஸில். உட்காரவும் கொஞ்சம் இடம் உண்டு, ஆனால் பத்து நிமிஷத்தில் எழுந்துவிடுவீர்கள். பழைய நகரத்தில் காசுக்கு ஏற்ற உணவு என்றால் இதைத்தான் சொல்வேன்.

சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: உருளைக்கிழங்கு சாலட்டில் மாட்டிறைச்சிச் சாறு ஊற்றுவது இங்கே வழக்கம். மெலிதாக நறுக்கிய தோசை போன்ற துண்டுகள் மிதக்கும் தெளிந்த சூப்பும் அப்படியே. சீஸ் சேர்த்த மாவு உருண்டை, முட்டை சேர்த்த சின்ன மாவுத் துண்டுகளான நோக்கெர்ல், ஆப்பிளை மாவில் சுருட்டிச் சுட்ட ஷ்ட்ரூடெல் என்று போனால் வயிறு நிறையும். காரத்துக்கு ஏங்கினால் வளையச்சாலையைத் தாண்டி ஒன்பதாவது மாவட்டத்துக்குள் கொஞ்சம் நடங்கள். ‘டெர் வீனர் டீவான்’ என்ற பாகிஸ்தானி உணவகத்தில் பருப்பும் கறியும் சோறும் வேண்டிய அளவு எடுத்துக்கொண்டு, விருப்பப்பட்ட தொகையைக் கொடுக்கலாம்.

இருட்டிய பிறகு

ஒயினுக்கு நிலவறைகள். ஹார்ஹோஃப் சந்திலுள்ள எஸ்டர்ஹாஸிக்கெல்லர், ஸோனன்ஃபெல்ஸ்காஸவிலுள்ள ஸ்வொல்ஃப் அப்போஸ்டல்கெல்லர் இரண்டுமே படி இறங்கிப் போகும் செங்கல் வளைவு அறைகள். வயதானவர்களை அழைத்துப் போவதென்றால் படிகளை யோசித்துக்கொள்ளுங்கள். ஊருக்குள்ளேயே திராட்சைத் தோட்டம் உள்ள நகரம் இது. ஒரே தோட்டத்தில் கலந்து வளர்க்கும் பல வகைத் திராட்சையை ஒன்றாகப் பறித்துச் செய்யும் கெமிஷ்டர் ஸாட்ஸ் என்ற வெள்ளை ஒயினைக் கேளுங்கள். தோட்டக்காரரே தன் ஒயினை ஊற்றித் தரும் அசல் ஹாய்ரிகர் வேண்டுமென்றால் ட்ராம் ஏறி நுஸ்டோர்ஃபோ ஷ்டாமர்ஸ்டோர்ஃபோ போக வேண்டும். நிலவறைகள் அதன் நகரத்துப் பதிப்புதான். மழை நாளில் குறை சொல்ல மாட்டேன்.

இதற்கு எதிர்முனை, கெர்ன்ட்னர் தெருவை ஒட்டிய சந்தில் கட்டடக் கலைஞர் அடோல்ஃப் லோஸ் 1908-இல் வடிவமைத்த அமெரிக்கன் பார். இருபது பேர் நின்றாலே நிறைந்துவிடும் அளவு. மேல் சுவரில் பதித்த கண்ணாடிகளால் கூரை நீண்டுகொண்டே போவது போலத் தெரியும். கட்டடக்கலையில் ஆர்வம் இருந்தால் ஒரே ஒரு காக்டெயிலுக்காக மாலை தொடக்கத்திலேயே போய்விடுங்கள். பேசிக்கொண்டு சாப்பிட நிலவறையே மேல்.

கடைசியில், எல்லாம் மூடிய பிறகும் விளக்கு எரிவது வூர்ஸ்டெல் என்ற சாசேஜ் பெட்டிக்கடைகளில். நம்மூர்க் கையேந்தி பவனின் குளிர்நாட்டு உறவுக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2024-இல் ஆஸ்திரியாவின் மரபுப் பட்டியலிலும் இந்தக் கடைகள் சேர்ந்துவிட்டன. ஆபராவுக்குப் பின்னால், அல்பெர்டினா அருங்காட்சியகத்துக்கு எதிரில் இருக்கும் பிட்ஸிங்கரில் கச்சேரி முடிந்து வரும் பட்டு உடைக்காரர்களும் டாக்சி ஓட்டுநர்களும் ஒரே பலகையில் கையூன்றி நிற்பார்கள். ஷாம்பெயினும் விற்கிறார்கள். கேஸெக்ரைனர் கேளுங்கள், உள்ளே சீஸ் அடைத்த பன்றி இறைச்சி சாசேஜ். கடுகு இனிப்பா காரமா என்பார்கள், காரம் என்று சொல்லுங்கள். முதல் கடியை மட்டும் தட்டின் மேல் குனிந்து கடியுங்கள், உருகிய சீஸ் சட்டையில் தெறிக்கும்.