பாண்டியில் எத்தனை மியூசியம்? எந்த நாட்டுக் கணக்கில்?

ஈரோட்டிலிருந்து வந்திருந்த மைத்துனன் இட்லியை முடிப்பதற்குள் கேட்டுவிட்டான்: "பாண்டியில எத்தனை மியூசியம் இருக்கு மாமா?" நாலு என்றேன். அவன் கை கழுவிவிட்டு வருவதற்குள் மனக்கணக்கு ஏழாகிவிட்டது. கொஞ்சம் கறாராக யோசித்தபோது இரண்டாகச் சுருங்கியது. எதை மியூசியம் என்று ஒப்புக்கொள்வது என்பதிலேயே தகராறு. நாடுகளுக்குள்ளும் இதே தகராறுதான். அதனால் நான்கு நாட்டு அளவுகோல்களை எங்கள் ஊர்த் தெருக்களில் வைத்து உரசிப் பார்த்தேன்.

எங்களை ஆண்டவர்களிடமிருந்து தொடங்கலாம். பிரான்சில் 'மியூசே' என்று பலகை மாட்ட யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் 2002 ஜனவரியில் வந்த சட்டம் 'மியூசே து பிரான்ஸ்' என்று தனியாக ஒரு தகுதியை உண்டாக்கியது. கட்டடம் எத்தனை பெரியது என்பது அதற்கு முக்கியமில்லை. நிரந்தரமான சேகரிப்பு இருக்கிறதா, அதைக் காப்பாற்றுவதில் பொதுநலன் இருக்கிறதா என்று கேட்கும். தகுதியோடு பூட்டும் சேர்ந்தே வரும். அரசு, நகராட்சி போன்ற பொது அமைப்புகள் தங்கள் சேகரிப்பை விற்க முடியாது. ஒவ்வொரு பொருளும் பதிவேட்டில் ஏற வேண்டும். பத்தாண்டுக்கு ஒருமுறை அந்தப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பொருள் இருக்கிறதா, என்ன நிலையில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். கோயில் நகைச் சரிபார்ப்பு என்றால் நம் ஆட்களுக்கு உடனே புரியும். அந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். தகுதி பெற்றவை 1,200க்கு மேல்.

செயின்ட் லூயி தெருவிலுள்ள புதுச்சேரி அருங்காட்சியகம் இந்தச் சேகரிப்புச் சோதனையில் சிரமமில்லாமல் தேறிவிடும். அரிக்கமேட்டுப் பானையோடும் மணியும் இருக்கின்றன, வெண்கலச் சிலைகள் இருக்கின்றன, பிரெஞ்சுக்காரர்களின் மேசை நாற்காலிகளும் இருக்கின்றன. ஆனால் ரங்கப்பிள்ளை வீதியில், 1738இல் கட்டிய ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகையை என்ன செய்வது? கீழே மரத்தூண், மேலே ஐரோப்பிய பாணியில் வெள்ளைத் தூண். அங்கே வீடேதான் காட்சிப்பொருள். "சேகரிப்பு எங்கே?" என்று கேட்கிற சட்டத்தின் முன்னால் தூண்களைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

ஜப்பான்காரர்கள் இதற்கு வேறு வழி கண்டார்கள். 1951இலேயே அவர்களுக்கு மியூசியச் சட்டம் வந்துவிட்டது. முதல் படியில் பதிவு பெற்றவை. அதற்குக் காப்பாட்சியர் வேண்டும், வருடத்தில் குறைந்தது 150 நாள் திறந்திருக்க வேண்டும். அடுத்த படியில் அதற்கு ஈடானவை. மூன்றாவது, மியூசியம் மாதிரியானவை, அதாவது சட்டத்தின் பிடிக்குள் வராதவை. 2018 கணக்கெடுப்பில் மொத்தம் 5,700 சொச்சம். அதில் முதல் படியில் இருந்தவை சுமார் 900 மட்டுமே. நாலாயிரத்துக்கும் மேல் 'மாதிரி'கள்தான்! இன்னொரு வேடிக்கை, 1872இல் தொடங்கிய டோக்கியோ தேசிய அருங்காட்சியகம் அந்த முதல் படியில் கிடையாது. பதிவு என்பது உள்ளாட்சிகளுக்கும் தனியார் அமைப்புகளுக்கும் வகுத்த ஏற்பாடு, தேசிய நிறுவனம் அதற்குள் வராது. நாட்டின் பெரிய மியூசியமே வரிசையில் இரண்டாவதாக நிற்கிறது.

விலங்குக் காட்சிசாலை, மீன் காட்சியகம், தாவரத் தோட்டம் எல்லாமே ஜப்பான் கணக்கில் மியூசியம்தான். கேட்க விசித்திரமாக இருக்கும். ஆனால் பழைய மெட்ராஸ்காரர்கள் எழும்பூர் மியூசியத்தைச் 'செத்த காலேஜ்' என்றும், மிருகக்காட்சிசாலையை 'உயிர் காலேஜ்' என்றும்தானே சொன்னார்கள்? 1855இல் அந்த மிருகங்களும் மியூசிய வளாகத்தில்தான் இருந்தன. இரண்டையும் ஒரே சாதியாகப் பார்க்கச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. அப்படிப் பார்த்தால் 1826இல் தொடங்கிய எங்கள் தாவரவியல் பூங்காவும் பட்டியலில் ஏறிவிடும்.

அமெரிக்கக் கணக்கை நான் அவ்வளவாக மதிப்பதில்லை. 2014இல் அங்கே 35,144 மியூசியங்கள் என்று அறிவித்தார்கள். அதற்கு முன் சொல்லிவந்தது 17,500. திடீரென்று இரட்டிப்பாகக் காரணம், வரிவிலக்குப் பதிவுகளையும் மானியப் பட்டியல்களையும் சேர்த்து வலையை அகலமாக வீசியதுதான். சிக்கியதில் கிட்டத்தட்ட பாதி, உள்ளூர் வரலாற்றுச் சங்கங்களும் பழைய வீடுகளும். பிள்ளை மாளிகைக்கு இந்த வலை சௌகரியமானது என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

நம் நாட்டுக்கு வருவோம். இங்கே முதல் கேள்வியே யாருடையது என்பது. அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் கொல்கத்தா இந்திய அருங்காட்சியகம் போன்ற சில ஒன்றியப் பட்டியலில் பெயரோடு இருக்கின்றன. மாநிலங்கள் நடத்துபவை, நிதி கொடுப்பவை மாநிலப் பட்டியலில். கடலூர் அரசு அருங்காட்சியகம் தமிழக அருங்காட்சியகங்கள் துறையைச் சேர்ந்தது, தலைமை எழும்பூரில். ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருக்கும் புதுச்சேரி அருங்காட்சியகம் வேறு அரசு, வேறு கோப்பு. தமிழகத்துக்குள்ளேயே கீழடி அருங்காட்சியகம் தொல்லியல் துறைக்குப் போய்விடுகிறது. எந்த அலுவலகத்தில் கேட்கிறோமோ அந்த அலுவலகத்தின் எண்தான் கிடைக்கும். 1936இல் மார்க்கம், ஹார்கிரீவ்ஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ்காரர்கள் துணைக்கண்டம் முழுக்க அலைந்து 105 என்று எண்ணினார்கள். யாருடையது என்று பார்க்காமல் எண்ணினார்கள் என்பதே அந்தப் பழைய எண்ணின் பெருமை.

சரி, நான்கிலும் எந்தப் பக்கம்? எண்ணுவதற்கு ஜப்பான், பொருளைக் காப்பதற்குப் பிரான்ஸ் என்பேன். மூன்றாம் படி என்று ஒன்று இருந்தால்தான் பாதித் திறந்த வீடுகளும் தனியார் அறைகளும் யார் கண்ணிலாவது படும்.

ஆனால் இங்குள்ள ஓலைச்சுவடிகளை நினைத்தால் இந்தத் தீர்ப்பும் ஆட்டம் காண்கிறது. இங்கே இரண்டு பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்களில் இருக்கும் சுமார் 11,000 சுவடிகள், பெரும்பாலும் சைவ நூல்கள், 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் ஏறின. 2022இல் பிராகாவில் உலக மியூசிய அமைப்பு ஏற்ற வரையறை ஆய்வு, சேகரிப்பு, பாதுகாப்பு, விளக்கம், காட்சி என்று ஐந்து வேலைகளைச் சொல்கிறது. முதல் நான்கில் இந்தச் சுவடிகளோடு யாரும் போட்டி போட முடியாது. ஐந்தாவதில்தான் இடறல், ஏனென்றால் இவை ஆய்வாளர்களுக்கானவை, டிக்கெட் வாங்கிப் பார்க்க வைத்தவை அல்ல. ஊரின் ஆகப் பெரிய செல்வம் எந்த மியூசியக் கணக்கிலும் ஒழுங்காக உட்கார மாட்டேன் என்கிறது.

இத்தனையும் சொல்லி முடித்தபோது மைத்துனன் சட்டை மாற்றிக்கொண்டு நின்றான். அன்று திங்கட்கிழமை, மியூசியத்துக்கு விடுமுறை. தாவரவியல் பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, ஜப்பான் கணக்கில் ஒன்று பார்த்தாகிவிட்டது என்றேன். "அப்போ ஈரோட்டுல வ.உ.சி. பூங்காவும் கணக்குல வருமா மாமா?" என்றான்.