கவெனன்ட் இருக்கும் வீடு: விடுவிப்புப் பத்திரமா, இன்சூரன்ஸா, டிரிபியூனலா?

இங்கிலாந்தில் வீடு வாங்குபவர்கள் பலர் லாண்ட் ரெஜிஸ்ட்ரி (நிலப் பதிவகம்) ஆவணத்தின் ‘சார்ஜஸ்’ பகுதியைச் சரியாகப் படிப்பதில்லை. ‘ஒரு வீட்டுக்கு மேல் கட்டக் கூடாது’, ‘வியாபாரம் நடத்தக் கூடாது’ போன்ற கவெனன்ட்கள், அதாவது பக்கத்து நிலக்காரரின் நன்மைக்காக நிலத்தின்மீது போடப்பட்ட கட்டுப்பாடுகள், அங்கேதான் இருக்கும். கவுன்சிலின் பிளானிங் அனுமதி வேறு, கவெனன்ட் வேறு. முன்னது கிடைத்தாலும் பின்னது போகாது. அதைச் சமாளிக்க மூன்று வழிகள்: உரிமையுள்ளவர் அதைக் கைவிட்டுக் கையெழுத்திடும் விடுவிப்புப் பத்திரம், வழக்கு வந்தால் ஈடுகட்டும் இன்சூரன்ஸ், அல்லது டிரிபியூனல் (தீர்ப்பாயம்).

எங்கள் பின்தோட்டத்தில் இன்னொரு வீடு கட்டுவதைத் தடுத்த கவெனன்டை நாங்கள் விடுவிப்புப் பத்திரம் மூலம் நீக்கினோம். அதனால் என் சாய்வு அந்தப் பக்கம்தான்.

இன்சூரன்ஸ் மலிவு, வேகம். ஒரே தடவை பிரீமியம். பெரும்பாலும் அடுத்து வாங்குபவருக்கும் பாலிசி தொடரும். கடன் கொடுக்கும் வங்கிகளும் ஏற்பது வழக்கம். ஆனால் கவெனன்ட் அப்படியேதான் இருக்கும். யாராவது வழக்குப் போட்டால் செலவையும் நஷ்டத்தையும் பாலிசித் தொகைவரை ஈடுகட்டுவார்கள், அவ்வளவுதான். வீட்டு விலை ஏறியபின் அந்த வரம்பு போதாமல் போகலாம். வேறு ஏதாவது கட்ட நினைத்தால் பெரும்பாலும் புதிய பாலிசி தேடவேண்டும்.

இதையெல்லாம்விட முக்கியமானது, எதை முதலில் செய்வது என்ற வரிசை. கவெனன்டால் பயன்பெறும் பக்கத்து நிலக்காரரிடம் நீங்கள் பேசியிருக்கக் கூடாது என்பது இந்தப் பாலிசிகளில் வழக்கமான நிபந்தனை. வேலிக்கு மேலாக, “அண்ணே, இந்தப் பழைய நிபந்தனையைப் பற்றி உங்களுக்கு ஆட்சேபம் ஏதும் உண்டா?” என்று சும்மா கேட்டாலே போதும், இன்சூரன்ஸ் கதவு அநேகமாகச் சாத்தப்பட்டுவிடும். பிளானிங் விண்ணப்பத்துக்கு வந்த ஆட்சேபணைக் கடிதத்தில் கவெனன்டை யாராவது குறிப்பிட்டிருந்தாலும் இன்சூரன்ஸ்காரர் பின்வாங்குவார். விடுவிப்புக்கோ பேசியே ஆகவேண்டும். ஆகவே ‘முதலில் கேட்டுப் பார்ப்போம், சரிவராவிட்டால் பாலிசி எடுப்போம்’ என்ற திட்டம் நடக்காது. கதவைத் தட்டுவதற்கு முன்பே முடிவெடுக்க வேண்டும்.

எங்களுக்குச் சாதகமாக இருந்தது ஒன்றுதான்: பயனாளி, அதாவது கவெனன்டால் பயன்பெறுபவர், ஒரே ஒருவர். அவருடைய சொலிசிட்டர் கட்டணத்தையும் நாங்களே கொடுத்தோம். ஒரு தொகை பேசி, பத்திரத்தில் கையெழுத்து வாங்கினோம். பயனாளிகள் எல்லோரும் கையெழுத்திட்டுவிட்டார்கள் என்று திருப்தியானால்தான் லாண்ட் ரெஜிஸ்ட்ரி பழைய பதிவை நீக்கும். இல்லாவிட்டால் இப்படியொரு பத்திரம் இருக்கிறது என்று குறிப்பு மட்டும் சேர்க்கும். பதிவே போய்விட்டால், விற்கும்போது வாங்குபவரின் சொலிசிட்டர் இதைப்பற்றிக் கேள்வி கேட்கவே இடமிருக்காது. கூடுதல் செலவுக்கு எனக்குக் கிடைத்த பலன் அதுதான்.

டிரிபியூனலுக்கு நான் போனதில்லை, தீர்ப்புகளை வாசித்ததோடு சரி. 1925ஆம் ஆண்டுச் சொத்துச் சட்டத்தின் 84ஆம் பிரிவின் கீழ் மேல் தீர்ப்பாயம் கவெனன்டை மாற்றலாம், நீக்கலாம். கவெனன்ட் காலாவதியாகிவிட்டது, யாருக்கும் பாதிப்பு வராது, அல்லது நியாயமான பயன்பாட்டைத் தடுத்தும் எதிராளிக்குப் பெரிதாகப் பயன் தரவில்லை, பணம் கொடுத்தால் ஈடாகும் என்று காட்ட வேண்டும். ஜெயித்தாலும், உரிமையுள்ள எதிராளியிடம் செலவை வாங்குவது பொதுவாக நடக்காது.

கட்டிவிட்டு அப்புறம் போகலாம் என்று நினைப்பவர்கள் மெய்டன்ஹெட் வழக்கைப் படிக்கவேண்டும். குழந்தைகள் ஹாஸ்பிஸுக்கு (கடும் நோயுள்ள குழந்தைகளைப் பராமரிக்கும் இல்லம்) பக்கத்தில், கவெனன்டைத் தெரிந்தே மீறி ஒரு நிறுவனம் 13 வீடுகளைக் கட்டியது. தீர்ப்பாயம் மாற்றத்தை அனுமதித்தும், 2020இல் உச்சநீதிமன்றம் மறுத்துவிட்டது.

ஒரே எஸ்டேட்டில் நாற்பது வீடுகளுக்கும் ஒன்றின்மீது ஒன்று கவெனன்ட் உரிமை இருந்தால் விடுவிப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒருவர் மறுத்தாலும் அவருடைய உரிமை அப்படியே நிற்கும்; அதற்குள் இன்சூரன்ஸும் கைநழுவியிருக்கும். அங்கே வாயைத் திறக்காமல் முதலில் பாலிசிக்கு விலை கேளுங்கள்.