தினமும் ஒரு புது வழி: குன்னூரில் ஒரு காலைநடைப் பயிற்சி

குன்னூரில் 31 ஆண்டுகளாக வசிக்கிறேன். பெட்ஃபோர்டிலிருந்து மார்க்கெட்டுக்கு இறங்கி, வழக்கமான கடையில் காய்கறி வாங்கி, போன வழியிலேயே ஏறி வருவதற்கு எனக்கு யோசனை எதுவும் தேவைப்பட்டதில்லை. அடுப்பை அணைத்தேனா, கேட்டைப் பூட்டினேனா என்று பாதி வழியில் திரும்பும் அளவுக்குச் சென்ற ஆண்டு மறதி கூடியது. மருத்துவரிடம் காட்டி, நோய் எதுவும் இல்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகு, ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை ஒருவர் அறுபது வயதைக் கடந்தவர்களுக்காக நடத்திவரும் நான்கு நாள் நடைப் பயிற்சியில் சேர்ந்தேன். காலை 8.30 முதல் 10.30 வரை, குழுவுக்கு ஆறு பேர், கட்டணம் 1,200 ரூபாய்.

ஒரு நாள் சென்ற வழியில் மறுநாள் செல்லக் கூடாது. கைபேசியை வெளியே எடுக்கக் கூடாது. முந்தைய நாள் நடந்த வழியை நினைவிலிருந்தே தாளில் வரைய வேண்டும். இரண்டாம் நாள் வரைய உட்கார்ந்தபோது, சிம்ஸ் பூங்கா வாசல், பாஸ்டியர் நிறுவனம், ஒரு டீக்கடை ஆகிய மூன்றைத் தவிர வேறெதுவும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. எத்தனையோ முறை கடந்த இடங்கள்தாம். கடந்திருக்கிறேனே தவிர கவனித்ததில்லை. நான்காம் நாள் தாளில் பதினான்கு இடங்கள் இருந்தன. நான்கு நாளில் மூளை மாறிவிடாது. கவனிக்கத் தொடங்கியதால் வந்த பலன் என்றே இதைக் கருதுகிறேன்.

இதற்கு அடிப்படையாக ஆசிரியை விளக்கிய ஆய்வுகள் என்னை மிகவும் யோசிக்க வைத்தன. லண்டன் டாக்சி ஓட்டுநர்கள் 16 பேரின் மூளையைப் படமெடுத்து எலனோர் மகுவயர் குழுவினர் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், வழிகளை நினைவில் வைக்க உதவும் ஹிப்போகாம்பஸின் பின்பகுதி மற்றவர்களைவிட அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. 2006-இல் டாக்சி ஓட்டுநர்களைப் பேருந்து ஓட்டுநர்களுடன் ஒப்பிட்டபோதும், ஒரே நகரத்தின் நெரிசலில் இரு தரப்பினரும் ஓட்டினாலும், குறித்த தடத்தை விட்டு விலகாத பேருந்து ஓட்டுநர்களைவிட டாக்சி ஓட்டுநர்களுக்கே அப்பகுதி பெரிதாக இருந்தது. இத்தனை ஆண்டுகளாக நான் சென்றதும் பேருந்துத் தடம்தான்.

மூன்றாம் நாள், 1874-இல் அமைக்கப்பட்ட சிம்ஸ் பூங்காவில் கண்களை மூடி உட்கார வைத்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த இலைகளை ஒவ்வொன்றாகக் கசக்கி எங்கள் உள்ளங்கையில் வைத்தார் ஆசிரியை. தைல மரத்து இலையை உடனே கண்டுகொண்டேன். சிறுவயதில் சளி பிடித்தால் அம்மா வெந்நீரில் தைலம் விட்டு ஆவி பிடிக்க வைத்த பித்தளைச் சட்டி, விளிம்பில் இருந்த நசுங்கலோடு கண்முன் வந்தது. நினைவையும் உணர்ச்சியையும் கையாளும் மூளைப் பகுதிகளுக்கு மற்றப் புலன்களைவிட நேரான பாதை வாசனைக்கு உண்டு என்று அவர் சொன்னதைப் புரிந்துகொள்ள எனக்கு அந்தச் சட்டியே போதுமானதாக இருந்தது. அடுத்த இலை பச்சைப் புல் போல வாடை அடித்தது. என்னால் சொல்ல முடியவில்லை. அது தேயிலை. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இத்தனை காலம் வாழ்ந்தும், பறித்த கொழுந்தை ஒருமுறைகூட முகர்ந்து பார்த்ததில்லை.

வீட்டுப் பயிற்சியாக இடது கையால் பல் துலக்கச் சொல்கிறார்கள். நரம்பியல் அறிஞர் லாரன்ஸ் காட்ஸ் பரப்பிய இத்தகைய பயிற்சிகள் முதலில் கவனத்தைத் தூண்டினாலும், சில வாரங்களில் அதுவும் பழகிவிடுவதால், வழி மாற்றி நடப்பது அளவுக்கு எனக்குப் பயன்படவில்லை.

இரண்டு குறைகளைச் சொல்லியாக வேண்டும். அவர்கள் தரும் துண்டறிக்கையில் "மறதி நோய் வரவே வராது" என்று அச்சிட்டிருக்கிறார்கள். அப்படி உறுதி தர எந்த ஆய்வும் இடம் தரவில்லை. அச்சத்தோடு வரும் முதியவர்களிடம் இப்படிச் சொல்வது தவறு, அந்த வரியை நீக்கியே ஆக வேண்டும். நான்காம் நாள் மார்க்கெட்டுக்கு இறங்கும் படிக்கட்டு செங்குத்தானது, பாசி வழுக்குகிறது; மூட்டுவலி உள்ளவர்களுக்கு இதை முன்கூட்டியே தெரிவிக்கவில்லை. அக்டோபர், நவம்பர் மழையில் சேர வேண்டாம்.

பிப்ரவரிக் குழுவுக்கு என் கணவரின் பெயரைக் கொடுத்திருக்கிறேன். அவருக்காகப் படிக்கட்டு வழியை மாற்றித் தர ஆசிரியை ஒப்புக்கொண்டிருக்கிறார்.