எட்டு வருடமாக நல்ல வண்டிதான், அந்தச் சாவித் துவாரத்தைத் தவிர

நண்பன் ஒருவன் என்னிடம் இருக்கும் இதே மாடலைப் பழைய வண்டியாக வாங்கப் பார்க்கிறான். "எட்டு வருஷமா வச்சிருக்கியே, எப்படிடா?" என்று கேட்டான். இன்ஜின், மைலேஜ், இருக்கை பற்றியெல்லாம் எழுதாதவர் இல்லை. அவற்றில் எனக்கும் குறை இல்லை. நான் சொல்ல வந்தது ஓட்டுநர் கதவில் இருக்கும் சாவித் துவாரத்தைப் பற்றி. சிரிக்காதீர்கள்.

வண்டிக்கு வெளியே இருப்பது அந்த ஒரே துவாரம்தான். மற்ற மூன்று கதவுகளிலும் கிடையாது, டிக்கி சுவிட்சில்தான் திறக்கும். ரிமோட் இருக்கும்போது சாவியை யார் நுழைக்கிறார்கள்? ஏழு வருடம் நான் அதைத் தொட்டதே இல்லை. போன குளிர்காலத்தில் ஒரு காலை, ரிமோட்டை அமுக்கினால் சத்தமே இல்லை. ரிமோட்டின் பட்டன் பேட்டரி போயிருக்கும் என்று புது சி.ஆர்.2032 மாற்றிப் பார்த்தேன். ம்ஹூம். போனது வண்டியின் பேட்டரி. இரவுக் குளிரில் மண்டையைப் போட்டிருந்தது.

சரி, ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் சாவியை உருவி நுழைத்தேன். பாதி போனது, அப்புறம் நின்றுவிட்டது. உள்ளே போனபின் திருப்பினால் கல்லில் செருகியது போல இருந்தது. ஆணி மாதிரி மெல்லிய சாவி அது. கொஞ்சம் அழுத்தித் திருப்பியதும் லேசாக முறுகுவது விரலுக்கே தெரிந்தது, விட்டுவிட்டேன். உடைந்து பாதி உள்ளே மாட்டியிருந்தால் கதை வேறு.

பூட்டு உறைந்தால் தெளிக்கும் ஸ்பிரே என்னிடம் இருந்தது. எங்கே? வண்டிக்குள், டாஷ்போர்டுப் பெட்டியில்.

வெந்நீர் ஊற்றச் சொல்ல அக்கம்பக்கத்தில் எப்போதும் ஒருவர் இருப்பார். வேண்டாம். கண்ணாடி விரிசல் விடலாம், வழிந்த தண்ணீர் மறுபடி உறைந்து இன்னும் கெட்டியாகும். சாவியை லைட்டரில் காட்டுவதும் வேண்டாம். பிடியில் சிப் இருந்தால் அதோடு போச்சு. வீட்டில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் இருந்தது. மைனஸ் 89 டிகிரி வரை அது உறையாது. அதில் சாவியை நனைத்து நுழைப்பது, எடுப்பது, துடைப்பது, திரும்ப நுழைப்பது. நாலாவது தடவை சாவியோடு கருப்புப் பசை மாதிரி ஒன்று வந்தது. அப்போதுதான் புரிந்தது, ஐஸ் பாதிதான் காரணம். உள்ளே வரிசையாகச் சிறு தகடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்பிரிங். சாவியின் வெட்டுகள் எல்லாத் தகடுகளையும் சரியான உயரத்துக்குக் கொண்டுவந்தால்தான் சிலிண்டர் சுழலும். ஏழு வருடத் தூசியும் காய்ந்த கிரீஸும் அந்தத் தகடுகளைப் பிடித்து வைத்திருந்தன. நாற்பது நிமிடம் ஆனது. 'கிறீச்' என்று ஒரு சத்தம், கதவின் பூட்டு விட்டது.

ஆனால் கதவு திறக்கவில்லை! கதவு ஓரத்து ரப்பர் பட்டை (பீடிங்) ஐஸில் ஒட்டியிருந்தது. இது எனக்குப் பழக்கம். முதல் குளிர்காலத்திலேயே ஆத்திரத்தில் ஹேண்டிலை இழுத்து உடைத்தவன் நான் (அது வண்டியின் தப்பு இல்லை, ஒப்புக்கொள்கிறேன்). இழுக்கக் கூடாது. கதவை உள்பக்கமாக, ஓரம் ஓரமாக, இடுப்பால் நாலு தட்டுத் தட்டினால் ஐஸ் உடைந்து விடும். குளிர் ஆரம்பிக்கும் முன் ரப்பரைத் துடைத்து சிலிக்கோன் பூசிவிட்டால் ஒட்டுவது வெகுவாகக் குறையும். கடைசியில் வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்து ஜம்ப் ஸ்டார்ட் செய்ததும், சாவியால் கதவைத் திறந்த என்னைத் திருடன் என்று நினைத்து வண்டியின் அலாரம் ஊரையே எழுப்பியது.

அதன்பின் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். மாதம் ஒரு முறை ரிமோட்டை விட்டு சாவியால் திறப்பேன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை கிராஃபைட் தூள் கொஞ்சம். டபிள்யூ.டி.-40 என்ற எண்ணெய் ஸ்பிரே இறுகியதை இளக்க நல்லது, ஆனால் நாள்பட்ட வழவழப்புக்கு அதை நம்ப முடியாது. எண்ணெயும் கிராஃபைட்டும் கலந்தால் மறுபடி பசைதான், இரண்டில் ஒன்றை மட்டும் போடுங்கள். சாவி திரும்பாவிட்டால் முதலில் மாற்றுச் சாவியைப் போட்டுப் பாருங்கள். அது சுலபமாகத் திரும்பினால் தேய்ந்தது சாவி, பூட்டு இல்லை.

இப்போது அந்தப் பூட்டு வெண்ணெய் மாதிரி திரும்புகிறது. உண்மையைச் சொன்னால், மாதாமாதம் அந்தச் 'சளக்' சத்தத்தைக் கேட்பதில் ஒரு சுகம் வந்துவிட்டது. இந்த வண்டி ஒரு நாளும் என்னை நடுவழியில் நிறுத்தியதில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். ஆகவே வாங்கு என்றுதான் அவனிடம் சொல்ல இருந்தேன்.

நேற்றுச் சாயங்காலம் பின்னால் இடப்பக்கக் கதவு 'டிக் டிக்' என்கிறது, திறக்கவில்லை. சைல்டு லாக் காரணம் இல்லை, பார்த்துவிட்டேன். கோளாறு பூட்டை இழுக்கும் சின்ன மோட்டாரில்தான், அதற்கு உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம். இரண்டு வருடம் முன்புதான் மாற்றினேன். மோட்டாரை மட்டும் தனியாகத் தர மாட்டோம், முழுப் பூட்டையும் மாற்றுங்கள் என்றார்கள், மாற்றினேன். திரும்பவும் அதே கதவு.

வாங்காதே என்று இன்று காலை அவனுக்குச் செய்தி அனுப்பிவிட்டேன். என் வண்டியை வேண்டுமானால் பார்க்க வரச் சொல்லியிருக்கிறேன், முன் கதவு வழியாக.